தேடி வருகிறவரை யார் விசாரிப்பது?

மதுரையில் ஒருவர் வீட்டைக் கண்டுபிடிக்க முழு முகவரி தேவைப்பட்டதே இல்லை. வில்லாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, "மில்லில் வேலை பார்த்தாரே, இரண்டு பெண்கள், மூத்த பெண்ணை மேலூரில் கொடுத்திருக்கிறார்" என்று ஆரம்பித்தால் போதும், டீக்கடையில் இருப்பவர்கள் பெயரைச் சொல்லிவிடுவார்கள். தெரு முனைவரை கூடவே வந்து வீட்டையும் காட்டுவார்கள். ஆனால் அதற்கு முன் ஒரு விசாரணை நடக்கும். நீங்கள் யார், எந்த ஊர், அவருக்கு என்ன வேண்டும், என்ன விஷயமாக வந்தீர்கள்? பதில் சரியில்லை என்றால், தெரிந்த வீடே தெரியாத வீடாகிவிடும்.

தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் பீட்டில், அதாவது நான் தபால் கொடுக்கும் தெருக்களில், எந்த மாடியில் யார் குடியிருக்கிறார், யாருக்கு எங்கிருந்து மணியார்டர் வரும், யார் பெயருக்கு வந்த பதிவுத் தபால் திரும்பிப் போனது என்பதெல்லாம் மனப்பாடம். அதனால் என்னை வழிமறித்துக் கேட்பவர்கள் உண்டு. வரன் விசாரிக்க வருகிறவர்கள் ஒரு வகை. சொல்லாமல் வீடு மாறியவரைத் தேடி வரும் கந்துவட்டிக்காரரின் ஆள் இன்னொரு வகை. மூன்றாவது வகையை நினைத்தால் இன்றும் வயிறு கலங்கும். அவர்கள் பெயர் சொல்லிக் கேட்கமாட்டார்கள். "புதிதாக ஒரு சோடி குடிவந்திருக்கிறதா?" என்று கேட்பார்கள். சாதி மாறிக் கட்டிக்கொண்டு, ஊரை விட்டு வந்து நகரத்துக்குள் ஒதுங்கியிருக்கும் பிள்ளைகளைத் தேடி வந்தவர்கள் அவர்கள். "தெரியாது ஐயா" என்று சைக்கிளை மிதித்துவிடுவோம். வேலையில் சேர்ந்த புதிதில் மூத்தவர்கள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது: தபாலைக் கொடுக்க வேண்டியது உன் வேலை, ஆளைக் காட்டிக்கொடுப்பது உன் வேலை இல்லை.

இப்போது இணையத்தில் ஆள் தேடும் தளங்களும் செயலிகளும் பெருகிவிட்டன. எண்ணைக் கொடுத்தால் பெயர், பெயரைக் கொடுத்தால் ஊர், ஊரைக் கொடுத்தால் கதவு எண். அவற்றைப் பற்றி எனக்கு உள்ள ஒரே பெரிய புகார், அவை தேடி வருகிறவரை எதுவும் கேட்பதில்லை என்பதுதான். அதே தளத்திலிருந்து நம் பெயரை எடுக்கச் சொல்லிப் பாருங்கள். உங்கள் எண்ணுக்கு ஓ.டி.பி. வரும், மின்னஞ்சலை உறுதி செய்யச் சொல்லும், சில இடங்களில் அடையாள அட்டையின் நகல்கூடக் கேட்கும். தேடுகிறவனுக்குத் திறந்த வாசல், விலகுகிறவனுக்கு விசாரணைக் கமிஷன்.

இந்தப் பட்டியல்களுக்குச் சரக்கு எங்கிருந்து போகிறது என்று நான் கொஞ்சம் துருவிப் பார்த்தேன். யாரோ ஒரு ஹேக்கர் நள்ளிரவில் திருடுகிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பகுதி அப்படி இல்லை. அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலி எதையும் நீங்கள் நிறுவியிருக்கவே வேண்டாம். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் ஒருவர் தன் தொடர்புப் பட்டியலைப் பார்க்க அப்படி ஒரு செயலிக்கு அனுமதி கொடுத்தால் போதும். அவர் உங்களுக்கு வைத்திருக்கும் பெயரே உலகத்துக்கான உங்கள் பெயராகலாம். எங்கள் தெருவில் கண்ணியமான ஓர் ஆசிரியை, ஒரு செயலியில் "மாடி வீடு வாடகை பாக்கி" என்று வந்தார். பாக்கி எப்போதோ தீர்ந்துவிட்டது. பட்டம் மட்டும் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்த முகநூலிலேயே நடந்ததை மறந்துவிடக்கூடாது. கைப்பேசி எண்ணை வைத்து நண்பர்களைக் கண்டுபிடிக்கும் வசதியைச் சிலர் தவறாகப் பயன்படுத்தி, கூட்டங்கூட்டமாகத் தகவலை வாரி எடுத்தார்கள். 2021 ஏப்ரலில் 53.3 கோடிப் பேரின் விவரங்கள் இணையத்தில் இலவசமாகக் கொட்டப்பட்டன. எண்ணும் பெயரும் சேர்ந்தே போயின. முகநூலின் செட்டிங்ஸ் பகுதியில் "உங்கள் தொலைபேசி எண்ணைக் கொண்டு உங்களை யார் தேடலாம்" என்று ஓர் இடம் இருக்கிறது. இதை வாசிக்கிறவர்கள் இன்றே போய் அதை மாற்றிவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

அரசு ஆவணங்களும் இதில் சேரும். வாக்காளர் பட்டியலில் நம் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, வீட்டு எண் எல்லாம் உண்டு. பட்டியல் வெளிப்படையாக இருப்பது தேர்தலுக்கு நல்லது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஜி.எஸ்.டி. விஷயம் வேறு. வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கும் ஒரு பெண், வெளிமாநிலத்துக்கும் விற்க விரும்பிப் பதிவு எண் வாங்குகிறார். தொழில் செய்யும் இடம் என்று அவர் தன் வீட்டு முகவரியைத்தானே எழுத முடியும்? அந்த எண்ணை அரசின் தளத்தில் தட்டினால் முகவரி யாருக்கும் தெரியும். அங்கே காப்ட்சா என்று, படத்தில் தெரிவதைப் பார்த்துத் தட்டச் சொல்லும் ஒரு சிறு தடையாவது உண்டு. அதை அள்ளி எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டு விளம்பரக் காசு பார்க்கும் தனியார் தளங்களில் அந்தத் தடையும் இல்லை. அவர் பெயரைக் கூகுளில் தேடுகிறவருக்குக் கதவு எண்ணோடு வீடு வந்து நிற்கிறது.

ஆனால் எல்லாவற்றையும்விட மோசமான ஆள்தேடு பட்டியலை எந்த நிறுவனமும் தயாரிக்கவில்லை. நாம்தான் தயாரிக்கிறோம். அதற்கு வரன் பட்டியல் என்று பெயர். சங்கங்கள் மண்டபம் பிடித்து வரன் அறிமுக விழா நடத்துகின்றன. பெண்ணின் பெயர், நட்சத்திரம், ராசி, படிப்பு, வேலை பார்க்கும் கம்பெனி, மாதச் சம்பளம், சொந்த ஊர், அப்பாவின் கைப்பேசி எண், புகைப்படம். முன்பு இது அச்சடித்த புத்தகமாக இருந்தது, பத்துப் பேர் கையில் சுற்றி மடங்கிக் கிழிந்துவிடும். இன்று பி.டி.எஃப். கோப்பாக வாட்ஸ்அப் குழுக்களில் போகிறது, யாராவது ஒரு தளத்தில் ஏற்றிவிடுகிறார்கள், அதற்குப் பிறகு அதற்குச் சாவே கிடையாது. என் மச்சினர் மகளுக்குத் திருமணமாகிப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. இன்னமும் ராத்திரி நேரத்தில் என் மச்சினருக்குப் போன் வருகிறது, "பெண் வீடுதானே?" என்று. சங்கத்துச் செயலாளரிடம் பேசினார். "மாப்பிள்ளை, அது பழைய பட்டியல், எங்கள் பக்கத்தில் எப்போதோ எடுத்துவிட்டோம்" என்று பதில் வந்தது. அவர் சொன்னது பொய் இல்லை. அவர்கள் எடுப்பதற்குள் மூன்றாம் நபர்கள் நகல் எடுத்துவிட்டார்கள். எண்ணை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள் சிலர். வங்கி, ஆதார், காஸ் புக்கிங் எல்லாம் அந்த எண்ணில் இருக்கும்போது யார் மாற்றுவது?

சரி, சட்டம் என்ன சொல்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்தது. அதிலிருந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் வெளியாக 2025 நவம்பர் ஆயிற்று. நிறுவனங்கள் ஒப்புதல் கேட்க வேண்டும், கேட்டால் அழிக்க வேண்டும் என்ற முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதங்கள், அதாவது 2027 மே. பெரிய மீறல்களுக்கு 250 கோடி ரூபாய்வரை அபராதம் உண்டு. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது.

இப்போது ஓட்டைகளைப் பாருங்கள். ஒருவர் தானே பொதுவெளியில் போட்ட தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சட்டப்படி வெளியிட வேண்டிய தகவலுக்கும் பொருந்தாது. தனிப்பட்ட, வீட்டுக் காரியத்துக்காகத் தனிநபர் கையாளும் தகவலுக்கும் பொருந்தாது. நான் மேலே சொன்னவற்றை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். சுங்குடி விற்கும் பெண்ணின் முகவரி, அரசு சட்டப்படி வெளியிட்டது என்று தப்பிக்கப் பார்ப்பார்கள். சித்தப்பா குடும்பக் குழுவில் அனுப்பிய பட்டியல் வீட்டுக் காரியம் என்பார்கள். காசுக்காக அள்ளிப் போடுகிறவரையாவது இந்தச் சாக்குகளுக்குள் ஒளிய விடக்கூடாது என்பது என் கருத்து. நீதிமன்றங்கள் என்ன சொல்லப்போகின்றன என்பது இனிமேல்தான்.

"யாரும் தெரிந்துகொண்டால் என்ன, நாம் என்ன தப்பா செய்தோம்?" என்று என் நண்பர்களே கேட்கிறார்கள். அமெரிக்காவில் ஆள்தேடு தளங்கள் பெரிய வியாபாரம். பழைய முகவரி, உறவினர் பெயர்கள் எல்லாம் சில டாலருக்குக் கிடைக்கும். 2020 ஜூலையில் நியூ ஜெர்சி மாநிலத்தில் எஸ்தர் சாலஸ் என்ற மத்திய நீதிபதியின் வீட்டுக்கு ஒருவன் போனான். அவர் முன் வழக்காடிய வழக்கறிஞன் அவன். நீதிபதியின் வீடு, குடும்பம் பற்றியெல்லாம் தகவல் சேகரித்து வைத்திருந்தான். கூரியர் ஆள் போல உடுத்திக்கொண்டு கதவைத் தட்டினான். கதவைத் திறந்த இருபது வயது மகன் டேனியலைச் சுட்டுக் கொன்றான், கணவரையும் சுட்டான், அவர் பிழைத்தார். அதே ஆண்டு டேனியல் பெயரிலேயே அங்கே ஒரு சட்டம் வந்தது. நீதிபதிகள், அரசு வழக்கறிஞர்கள், போலீஸார் ஆகியோரின் வீட்டு முகவரியை நீக்கச் சொன்னால் நீக்க வேண்டும் என்கிறது அது. வாழ்நாள் முழுதும் கதவைத் தட்டிப் பிழைத்தவன் நான். தபால்காரன் என்றால் யோசிக்காமல் தாழ்ப்பாளைத் திறப்பார்கள். அந்த நம்பிக்கையை ஒருவன் இப்படிப் பயன்படுத்தினான் என்பதை வாசித்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம்மூரில் ஆபத்து இதைவிடச் சாதாரண வேடத்தில் வருகிறது. உங்கள் பெயரும் முகவரியும் சொல்லி, "உங்கள் பெயரில் பார்சலில் போதைப் பொருள் பிடிபட்டிருக்கிறது" என்று போலி போலீஸ் பேசுகிறது. முகவரி சரியாக இருப்பதாலேயே பாதி ஆட்கள் நடுங்கிப்போகிறார்கள். முகவரி தெரிந்திருப்பதால் ஒருவன் போலீஸ் ஆகிவிடமாட்டான். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்களுக்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலியான ட்ரூகாலரில் உங்கள் பெயர் வேண்டாமென்றால், செயலியை அழித்தால் மட்டும் போதாது. முதலில் செயலிக்குள் கணக்கை முடக்க வேண்டும், பிறகு அவர்களின் இணையதளத்தில் எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கும் பக்கத்தில் 91 சேர்த்து எண்ணைக் கொடுக்க வேண்டும். கணக்கே இல்லாதவர்கள் நேராக இரண்டாவது வேலையைச் செய்யலாம். மறுபடி அதில் சேர்ந்தால் பெயரும் மறுபடி ஏறிவிடும். கூகுளிடம் 2022 முதல், தேடல் முடிவுகளில் வரும் கைப்பேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் நீக்கக் கோரலாம். ஆனால் அது தேடலில் மறைக்குமே தவிர, மூலப் பக்கம் அங்கேயே இருக்கும், அந்தத் தளத்துக்குத் தனியாக எழுத வேண்டும். எழுதும்போது அந்தப் பக்கத்தின் முகவரியையும் ஸ்கிரீன் ஷாட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராதபோது புகாருக்கு அவைதான் ஆதாரம்.

வியாபாரம் செய்கிறவர்கள் ஒளிய முடியாது, ஒளியவும் வேண்டாம். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடை வைத்திருப்பவருக்கு எண் எவ்வளவு பரவினாலும் லாபம். வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களுக்குத்தான் நான் சொல்வது: தொழிலுக்கென்று தனி சிம் வாங்கிவிடுங்கள். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதியும்போது முகவரியை மறைத்து, எந்தப் பகுதிக்குச் சேவை செய்கிறீர்கள் என்பதை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. நீங்கள் பதியாமலே வணிகப் பட்டியல் தளம் ஒன்றில் உங்கள் பெயர் ஏறியிருந்தால், அதை உரிமை கோரித் திருத்துங்கள். விட்டுவிட்டால் பழைய எண்ணுக்கு யாரோ ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

சங்கத்துப் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த வரன் பட்டியலில் பெண்ணின் புகைப்படமும் அப்பாவின் எண்ணும் வேண்டாம். ஒரு வரிசை எண் போடுங்கள். விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்துக்குப் பேசட்டும். அங்கே ஓர் ஆள் உட்கார்ந்து, "நீங்கள் யார், எந்த ஊர், பையன் என்ன செய்கிறான்?" என்று கேட்டுவிட்டு, பெண் வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேட்டபின் எண்ணைக் கொடுக்கட்டும். அந்த வேலைக்கு ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், சாயங்கால நேரம் நான் வந்து உட்காருகிறேன். சம்பளம் வேண்டாம், ஒரு டீ போதும்.