நோட்டுப் புத்தகம் செல்லாது என்றார்கள்

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டார். போன வருடம் அவருக்காகக் கலை உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றை நிரப்ப உட்கார்ந்தேன். கலைக்குழுவின் பதிவுச் சான்று, மூன்று வருடத் தணிக்கைக் கணக்கு, குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு என்று நான் படிக்கப் படிக்க, அவர் உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து நீளமான கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து வந்தார்.

அதில் அவர் வாசித்த ஒவ்வொரு ராத்திரியும் இருக்கிறது. தேதி, ஊர், என்ன நாடகம், அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி வந்ததா. ஓரிடத்தில் ஓரமாக "மழை, பாதியில் நின்றது" என்று எழுதியிருக்கிறார். இன்னோரிடத்தில் "பபூன் வரவில்லை, நானே பேசினேன்". அந்த நோட்டையும் தூக்கிக்கொண்டுதான் அலுவலகத்துக்குப் போனோம். "இதெல்லாம் ஆதாரமா எடுத்துக்க முடியாதுங்கய்யா, குழுப் பதிவு இருந்தா கொண்டாங்க" என்றார்கள். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். படிவத்தில் அதற்கு இடம் இல்லை, அவ்வளவுதான். திரும்பி வரும் பஸ்ஸில் பெரியவர் ஒன்றுமே பேசவில்லை.

விஷயம் என்னவென்றால், திருவிழாவில் விடிய விடிய நடக்கும் மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் குழு என்றே ஒன்று கிடையாது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அந்த மாதிரி சபைகளும் கம்பெனிகளும் ஊர் ஊராகக் கொட்டகை போட்ட காலம் போய்விட்டது. இப்போது நாயகனாக நடிக்கும் ராஜபார்ட் ஒரு ஊர், நாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் ஒரு ஊர், சிரிக்க வைக்கும் பபூன் வேறு ஊர், மிருதங்கம் இன்னோர் ஊர். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத் தேதி வாங்கி, போட்டோ போட்ட நோட்டீஸில் சேர்க்கிறார்கள். ஒத்திகை கிடையாது. பல பேர் அன்றைக்கு ராத்திரி மேடைக்குப் பின்னால்தான் முகமே பார்த்துக்கொள்வார்கள். அப்படியும் வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் சூடுபிடித்தால் விடியும்வரை நிற்காது. இத்தனை பெரிய ஏற்பாட்டுக்குப் பதிவு எண் கேட்டால் யார் பேரில் வாங்குவது?

பணமே இல்லை என்று சொல்ல வரவில்லை. குரு-சிஷ்ய முறையில் கற்றுக்கொடுக்க மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் குருவுக்கு மாதம் 15,000 ரூபாயும் வயதுவந்த மாணவருக்கு 10,000 ரூபாயும் தரும் திட்டம் இருக்கிறது. நலிந்த கலைஞர்களுக்கு மாநில அரசு மாதம் 3,000 ரூபாய் தருகிறது. 2007-இல் நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியம் வந்தது. எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் ஒன்று கலைஞருக்குப் போகிறது, இல்லையென்றால் பதிவு பெற்ற அமைப்புக்குப் போகிறது. ஊருக்கு எதுவும் வருவதில்லை. இந்தக் கலைகளை இத்தனை நாள் சோறு போட்டுக் காப்பாற்றியது ஊர்தானே?

நாடகம் நடக்கிற ராத்திரி எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள். பருத்திப்பால் வண்டி, பஜ்ஜிக் கடை, வளையல் கடை, மைக்செட்காரர், சீரியல் லைட் போடும் பையன், நோட்டீஸ் அடித்த அச்சகம், பூக்கட்டும் அக்காமார் என்று எல்லார் கையிலும் காசு புழங்கும். திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போன பிள்ளைகள் திருவிழாவின் மூன்று நாளைக்கு வந்து நிற்பார்கள். நாலாம் நாள் பஸ் ஏறிவிடுவார்கள். கடைத்தெருவில் பாதிக் கடைக்குப் பூட்டுத் தொங்கும். நாடக மேடையில் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கும்.

அந்த மேடை எங்கள் தாத்தா காலத்தில் வீட்டுக்கு வீடு வரி போட்டுக் கட்டியது. இன்று கூரைத் தகரம் ஓட்டை. உடை மாற்ற அறை கிடையாது. ஸ்திரீபார்ட் போட வரும் அக்கா பக்கத்து வீட்டில் கேட்டுத்தான் உடை மாற்றுகிறார், கழிப்பறைக்கும் அங்கேதான் போக வேண்டும். இதைச் சரிசெய்யக் கோடிகள் வேண்டாம். அலங்காநல்லூர் பக்கத்துக் கீழக்கரையில் 60 கோடிக்கு மேல் செலவழித்து ஜல்லிக்கட்டு அரங்கம் கட்டி 2024 ஜனவரியில் திறந்தார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. அந்தத் தொகையில் ஒரு துளியை இந்த மாதிரி மேடைகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் எத்தனை ஊர் பிழைக்கும் என்றுதான் யோசிக்கிறேன்.

அப்புறம், பணத்தைவிட அனுமதிதான் சில நேரம் பெரிய உதவி. மதுரைப் பக்கம் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவர்களைக் கேட்டால் தெரியும், முதல் கவலை மண். கண்மாயில் மண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கலாம் என்று 2024-இல் அரசு மாற்றியது. இதில் மானியம் என்று ஒரு ரூபாய்கூட இல்லை. மண் இருந்தால்தானே பொம்மையும் புரவியும். நாடகத்துக்கும் அப்படித்தான். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி எல்லாருக்கும் பொது. ஆனால் விடிய விடிய நடப்பதுதான் எங்கள் கலை. ஒவ்வொரு வருடமும் காவல் நிலையம், நீதிமன்றம் என்று ஊர்ப் பெரியவர்கள் அலையாமலிருக்க ஒரு வழி சொன்னால் அதுவே பாதி உதவித்தொகை.

ஜப்பானில் நீகதா மலைப்பகுதியில் எச்சிகோ-சுமாரி என்று ஓர் இடம். வயசாளிகள் மட்டும் மிஞ்சிய நெல் விளையும் கிராமங்கள். 2000-இலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை அங்கே கலை விழா நடக்கிறது. மூடிப்போன பள்ளிக்கூடங்களையும் ஆளில்லாத வீடுகளையும் கலைக்கூடமாக்கினார்கள். பார்க்க ஆசைப்படுகிறவர் அந்த ஊருக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும், அங்கேதான் சாப்பிட வேண்டும். எனக்குப் பிடித்தது இதுதான். நாமோ கரகத்தையும் ஒயிலையும் பஸ்ஸில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோகிறோம். கலைஞருக்கு அன்றைய சம்பளம் கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் எங்கள் ஊர் டீக்கடைக்கு என்ன கிடைத்தது?

அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கொடுத்தபோது சந்தோஷத்தில் அழுதவர்களில் நானும் ஒருவன். பறையைத் தூக்கிக்கொண்டு அவர் வந்த பாதை சின்ன பாதை இல்லை. அதேபோல இன்னொரு பிள்ளை வர வேண்டும் என்றால், பள்ளிக்கூடம் விட்டு வந்து அடித்துப் பழக ஊருக்குள் ஓர் இடம் வேண்டும், சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ஒரு பேரூராட்சிக்கு மாதம் ஒரு நிகழ்ச்சி, வாரம் இரண்டு வகுப்பு, மேடைப் பராமரிப்பு, அதற்கு ஒரு தொகை. கணக்கை ஊர்ச் சபையில் எல்லார் முன்னாடியும் வாசிக்கட்டும். கலைஞர் யார் என்பதற்கு ஊரே சாட்சி சொல்லட்டும், பெரியவரின் நோட்டையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளட்டும்.

பேரூராட்சிக்கு மனு எழுதி வைத்திருக்கிறோம். மேடையைக் காலி செய்ய வேண்டும், தகரம் மாற்ற வேண்டும், உடை மாற்ற இரண்டு அறை, பெண்களுக்குக் கழிப்பறை. இதுவரை 140 கையெழுத்து. நம்மூர்க்காரர்கள் யாராக இருந்தாலும், திருப்பூரில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும், உள்பெட்டியில் பெயரும் தெருவும் அனுப்புங்கள். வைகாசித் திருவிழாவுக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும்.