நோட்டீஸ் ஒட்டினால் லோடு குறையுமா?

எங்கள் பெங்களூரு அபார்ட்மென்ட் நோட்டீஸை நேற்றே படம் எடுத்துப் போட்டிருந்தேன், பார்த்திருப்பீர்கள். பேஸ்மென்டில் மின்வாகனம் சார்ஜ் செய்யத் தடை. சனிக்கிழமை ராத்திரி டிரான்ஸ்பார்மர் லோடு தாங்காமல் ட்ரிப் ஆகி நின்றதற்கு என் காரும் நாலைந்து ஸ்கூட்டரும்தான் காரணமாம். விசாரணை இல்லாமலே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

பிரச்சினை வண்டியில் இல்லை ஐயா, நேரத்தில். சாதாரணப் பெரிய பிளக்கில் கார் இழுப்பது 3.3 கிலோவாட். உங்கள் கீசரே 2, 3 கிலோவாட் இழுக்கும். ஒயிட்ஃபீல்டு போய்வந்த காருக்கு இரண்டு மணி நேர சார்ஜ் போதும். ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் ஓடுகிற எட்டு மணிக்கே அதைச் செருகுவேன் என்று யார் அடம்பிடித்தார்கள்? நள்ளிரவுக்கு மேல் முறை வைத்துக் கொடுங்கள். டிரான்ஸ்பார்மர் சும்மா நிற்கிற நேரம்.

எங்கள் ஊரில் வயலுக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். ராத்திரி முறை என்றால் அப்பா டார்ச்சோடு, பாம்புக்குப் பயந்து வரப்பைத் தடியால் தட்டிக்கொண்டே போய் மோட்டார் போடுவார். மோட்டாரே கூடாது என்று யாரும் சொல்லவில்லை, நேரத்தைப் பிரித்தார்கள். இங்கே ஐ.டி. ஆட்களுக்கு ஆப்பில் டைமர் வைக்க விரல் வலிக்கிறது.

"நாளைக்கு எல்லோரும் வாங்கினால்?" நியாயமான கேள்விதான். பத்து பேர் 7.2 கிலோவாட் சார்ஜரை ஒரே நேரத்தில் போட்டால் 72 கிலோவாட். பழைய டிரான்ஸ்பார்மர் திணறும். அதற்குத்தான் லோடைப் பங்கிட்டுக் கொடுக்கும் சார்ஜர்கள் இருக்கின்றன. 2024இல் திருத்திய மின் நுகர்வோர் விதிகளில் வண்டி சார்ஜிங்குக்குத் தனி இணைப்பே கேட்கலாம். விண்ணப்பம் போடுங்கள் என்றால், "கமிட்டியில் பேசுவோம்." நேரம் பிரிக்கவும் மாட்டார்கள், இணைப்புக்கு அனுமதித்த லோடைக் கூட்டிக் கேட்கவும் மாட்டார்கள். நோட்டீஸ் மட்டும் ஒட்டுவார்கள்.

தீப்பிடிக்கும் என்கிற அங்கிளுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. ஒழுங்கான எர்த்திங் வேண்டும் என்று போன வருஷமே கேட்டது நான்தான்.

அப்புறம் குரூப்பில் ஒருவர் எழுதினார்: "வாடகைக்கு இருக்கிறவருக்கு எதற்கு சார்ஜர்?" பதினேழு கட்டைவிரல்கள். ஓஹோ, விஷயம் அதுவா! மெயின்டனன்ஸ் வாங்கும்போது நான் வாடகைக்காரன் என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. நாட்டிலேயே முதலில், 2017இல், மின்வாகனக் கொள்கை கொண்டுவந்த மாநிலமாம் கர்நாடகா. அதன் தலைநகரில் ஒரு பிளக்குக்கு என் யோக்கியதையை விசாரிக்கிறார்கள்.

மெயின் மீட்டரை மணிக்கொரு தடவை குறித்துத் தரும்படி எலெக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்குக்கு அந்தத் தாளோடு வருகிறேன். கட்டைவிரல் போட்ட பதினேழு பேரும் தயவுசெய்து நேரில் வாருங்கள்.