முகாமில் சேர்ப்பது வேறு, விளையாட்டில் சேர்ப்பது வேறு

விடுமுறை முகாம் அறிவிப்புகளில் "எல்லாக் குழந்தைகளும் வரலாம்" என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்தால் உடனே போன் செய்து நான் முதலில் கேட்பது இதைத்தான்: "விளையாடிக்கொண்டிருக்கும்போது நடுவில் விதி மாறினால், காது கேளாத பிள்ளைக்கு அதை யார் சொல்வார்கள், எப்படிச் சொல்வார்கள்?" மறுமுனையில் சற்று நேரம் பேச்சே வராது. அப்புறம், "எங்கள் ஆட்கள் ரொம்ப அன்பானவர்கள், பார்த்துக்கொள்வார்கள்" என்பார்கள். அவர்கள் அன்பில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் நான் கேட்டதற்கு அது பதிலாகாது.

என் மகன் இரண்டு காதிலும் மெஷின் போட்டிருக்கிறான், சைகை மொழியும் பேசுவான். பள்ளி நாட்களில் ஓரளவு ஏற்பாடு உண்டு. சைகை தெரிந்த ஆசிரியர் இருக்கிறார், அவன் முகத்தைப் பார்த்துப் பேசிப் பழகிய நண்பர்கள் இருக்கிறார்கள். விடுமுறை விட்ட அன்றே அதெல்லாம் நின்றுவிடும். காது கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள் என்பது அமெரிக்காவில் எடுத்த கணக்கு. அப்படியென்றால் வீட்டிலும் சரளமாகச் சைகையில் பேச ஆள் இருப்பார்கள் என்று நிச்சயமில்லை. மற்றப் பிள்ளைகள் நாளை எண்ணிக் காத்திருக்கும் விடுமுறை, இவர்களில் பலருக்குப் பேச்சுத் துணையே இல்லாத வாரங்களாகப் போய்விடுகிறது. அதனால்தான் நல்ல முகாமை நான் ஆடம்பரமாகப் பார்ப்பதில்லை.

"மெஷின் போட்டிருக்கானே, கேட்குமே" என்று பலர் சொல்வதுண்டு. கண்ணாடி போட்டால் பார்வை தெளிவது மாதிரி மெஷின் போட்டால் கேட்டுவிடும் என்று நினைக்கிறார்கள். மெஷின் சத்தத்தைக் கூட்டித் தரும். அமைதியான அறையில், ஓரிரு மீட்டர் தூரத்திலிருந்து ஒருவர் பேசினால் நன்றாக உதவும். முகாமில் அந்தச் சூழ்நிலை எங்கே இருக்கிறது? எதிரொலிக்கும் பெரிய கூடம், இழுபடும் நாற்காலிகள், ஒரே நேரத்தில் கத்தும் முப்பது பிள்ளைகள் - எல்லாமே சேர்ந்து உரக்கக் கேட்கும். நீச்சல் என்றால் மெஷினைக் கழற்ற வேண்டும். காக்ளியர் இம்ப்ளாண்ட் (அறுவை செய்து காதுக்குள் பொருத்தும் கேட்புக் கருவி) வைத்த பிள்ளையும், நீர் புகாத உறை இல்லாவிட்டால், வெளிக்கருவியைக் கழற்றித்தான் இறங்க வேண்டும். கரையிலிருந்து பயிற்சியாளர் என்ன கத்தினாலும் அந்த நேரத்தில் எதுவும் போய்ச் சேராது.

சரி, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாமே என்பார்கள். "பாடு" என்றும் "மாடு" என்றும் கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதட்டில் வித்தியாசமே தெரியாது. இப்படி மயக்கம் தரும் ஒலிகள் ஏராளம். பாதியை உதட்டில் பிடித்து மீதியை ஊகித்துத்தான் இந்தப் பிள்ளைகள் நாளை ஓட்டுகிறார்கள். விளக்கை அணைத்துவிட்டுக் கதை சொல்ல ஆரம்பித்தால் அந்தப் பாதியும் போச்சு. நாள் முழுக்க இப்படிக் கூர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பதில் வருகிற களைப்பு சாதாரணமானதல்ல. மத்தியானத்துக்கு மேல் என் மகன் ஒரு மூலையில் போய் உட்கார்ந்ததை ஒரு முகாமில் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள். அவனுக்கு வேண்டியிருந்தது கொஞ்ச நேரம் சத்தமில்லாத ஓர் அறை, அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் வலிப்பது வேறொன்று. எல்லோரும் சிரிக்கிறார்கள். இவன் "என்ன, என்ன?" என்று கேட்கிறான். "ஒண்ணுமில்லை, அப்புறம் சொல்றேன்" என்று பதில் வருகிறது. அந்த அப்புறம் வருவதே இல்லை. வந்தாலும், ஆறிப்போன நகைச்சுவையை விளக்கிச் சொன்னால் யாருக்குச் சிரிப்பு வரும்? சேர்ந்து சிரிக்கத்தானே பிள்ளைகள் முகாமுக்கு வருகிறார்கள்?

செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன, பாதிக்குக் காசே தேவையில்லை. விசிலோடு ஒரு கொடியையும் அசைக்கலாம்; காது கேளாதோர் கால்பந்தில் நடுவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். வட்டமாக உட்காரலாம், ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் பேசலாம். அன்றைய நிகழ்ச்சிகளைப் படம் போட்டு ஒட்டலாம். வட்டம் என்றதும் நினைவுக்கு வருகிறது: அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டக்காரர்கள் வட்டமாகக் குனிந்து திட்டம் போடுவார்களே, அது 1890களில் காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரி அணியில் தொடங்கியது என்றுதான் பரவலாகச் சொல்வார்கள். தங்கள் சைகையை எதிரணி பார்த்துவிடக் கூடாது என்று மறைத்தார்களாம். இன்று காது கேட்கும் அணிகள் எல்லாம் அப்படித்தான் கூடி நிற்கின்றன.

காசு தேவைப்படும் இடம் சைகை மொழிபெயர்ப்பாளர். நாள் முழுக்க என்றால் இருவர் மாறி மாறிச் செய்ய வேண்டிய வேலை அது. கையும் மூளையும் சேர்ந்து களைத்துப்போகும். செலவைக் குறைக்க, "அம்மா, நீங்களே கூட இருங்களேன்" என்று கேட்கிறார்கள். நான் மறுத்துவிடுவேன். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்கும் பையனிடம் எந்தப் பிள்ளை ரகசியம் சொல்லும்?

மொழிபெயர்ப்பாளர் வந்தால்கூட அவர் நண்பராகிவிட முடியாது. சாப்பாட்டு வரிசையில், பஸ்ஸின் கடைசி இருக்கையில் நடக்கிற பேச்சுதான் நட்பாகிறது. அங்கே மற்றப் பிள்ளைகளின் கை பேச வேண்டும். முதல் நாள் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி "என் முறை", "நில்", "மறுபடி சொல்" என்று கொஞ்சம் சைகை கற்றுக்கொடுத்தால் போதும். பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். அதைக் கற்றுத்தருபவரும் காது கேளாதவராக இருந்தால் இன்னும் நல்லது. காது கேளாத பெரியவர் எவரையும் பார்க்காமல் வளரும் சில குழந்தைகள், பெரியவர்களானால் தமக்கும் காது கேட்டுவிடும் என்றே நம்புகிறார்கள். பந்து எறியக் கற்றுத்தரும் அண்ணன் ஒருவர் அவர்களைப் போலவே இருந்தால், தங்கள் எதிர்காலத்தைக் கண்ணால் பார்த்த மாதிரி இருக்கும்.

இவர்களுக்கு மட்டும் தனி முகாம் நடத்தினால் போதாதா என்று கேட்பவர்களை நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். தனி முகாமும் வேண்டும். நிகரகுவாவில் 1970களின் கடைசியில் காது கேளாத பிள்ளைகளைப் பள்ளிகளில் ஒன்றுசேர்த்தபோது, யாரும் கற்றுத்தராமலே தங்களுக்குள் ஒரு புதிய சைகை மொழியையே உருவாக்கினார்கள். சேர்ந்து இருந்தால் அவ்வளவு நடக்கும். ஆகவே பொது முகாமிலும் நாற்பது பேருக்கு நடுவில் ஒரே ஒரு காது கேளாத பிள்ளையைச் சேர்த்துவிட்டு, எல்லோருக்குமான முகாம் என்று சொல்லாதீர்கள். மூன்று நான்கு பேரையாவது தேடிப்பிடித்துச் சேருங்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக விளையாடும் வாய்ப்பு, கூடவே சைகை மொழிக்கும் காது கேளாதோர் பண்பாட்டுக்கும் அங்கீகாரம். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதைத் தட்டிக்கழிக்க அதில் இடமில்லை.

முகாம் நடத்துபவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சேர்க்கைப் படிவத்தில் "குறைபாடு ஏதும் உண்டா? ஆம் / இல்லை" என்று ஒரு கட்டம் வைத்திருப்பீர்கள். அதை எடுத்துவிட்டு, "உங்கள் பிள்ளையிடம் நாங்கள் எப்படிப் பேச வேண்டும்?" என்று கேட்டு, பதில் எழுத நான்கு வரி இடம் விடுங்கள். அந்தப் படிவத்தை, செலவுக் கணக்குப் போட்டு முடிப்பதற்கு முன்னாலேயே எங்கள் கையில் கொடுங்கள். முகாம் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது தேடினால் மொழிபெயர்ப்பாளர் கிடைக்க மாட்டார்.