சினை சால்மனை விட்டுவிடுங்கள்

அக்டோபர் பிறந்தால் போதும், ஸ்காட்லாந்து ஆறுகளில் பிடித்த சால்மன் படங்கள் வரிசைகட்டி வந்துவிடும். சினை முற்றிய மீனைப் புல்லில் கிடத்திப் படமெடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

தூண்டிலே போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. பூச்சி போல இறகும் மயிரும் கட்டிய செயற்கை இரையை (அதுதான் ஃப்ளை) வீசி மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங்கில் இந்தப் பருவத்துச் சுகம் எனக்கும் தெரியும். மழையில் பொங்கிய ஆறு வடிந்து தெளியத் தொடங்கும் அந்தச் சில மணி நேரத்துக்காக எவ்வளவு வேண்டுமானாலும் காத்திருக்கலாம். நீளமான கோலை இரண்டு கையாலும் பிடித்து, ஆற்றுக்குக் குறுக்கே சாய்வாக வீசினால், ஆரஞ்சும் மஞ்சளுமான கேஸ்கேட் என்ற ஃப்ளை நீரோட்டத்தோடு வளைந்து நம் கரைக்கு வரும். ஓரடி கீழே நகர்ந்து மறுபடி வீச்சு. ஏதோ ஒரு வீச்சில் கயிறு மெல்ல இறுகும். கோலைச் சட்டென்று தூக்கிவிடக் கூடாது. மீன் திரும்பும்வரை பொறுக்க வேண்டும். அந்த ஒரு கணத்துக்கு ஈடே கிடையாது.

ஆனால் மறுமுனையில் இருப்பது பட்டினி கிடக்கும் மீன். ஆற்றுக்குள் நுழைந்தபின் சால்மன் இரை எடுப்பதில்லை. எதிர்நீச்சல், சினை வளர்ச்சி, முட்டையிடக் குழி தோண்டுவது எல்லாமே கடலில் சேர்த்த கொழுப்பில்தான். நாம் இழுத்துப் பிடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தச் சேமிப்பில் கைவைக்கிறோம்.

1922 அக்டோபர் 7 அன்று டே ஆற்றில் ஜார்ஜினா பாலன்டைன் பிடித்த 64 பவுண்டு சால்மன்தான் இன்றுவரை பிரிட்டனின் சாதனை (அது ஃப்ளையில் சிக்கியதல்ல). அன்றைய வளத்தை நினைத்துக்கொண்டு இன்று மீனைக் கொல்ல முடியாது. 2023-இல் கிரேட் பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மனை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக ஐயுசிஎன் (சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) அறிவித்துவிட்டது. ஸ்காட்லாந்தில் நிலைமை மோசமான ஆறுகளில் பிடித்ததை விட்டே ஆக வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. விதி அனுமதிக்கும் ஆற்றிலும் இலையுதிர்காலப் பெண்மீனைக் கொல்வது தவறு என்பேன்.

விடுவதையும் ஒழுங்காகச் செய்யுங்கள். தூண்டில் முள்ளில் பின்னோக்கி நிற்கும் சிறு கூர்முனையை முன்பே நசுக்கிவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுங்கள். தலை நீரோட்டத்தை எதிர்த்து இருக்கட்டும், செவுள் நிதானமாக அசையட்டும், தானாக உதறிக்கொண்டு போகட்டும். தண்ணீர் குளிர்ந்திருக்கும் காலம் என்பதால், இப்படி விட்ட மீன் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

ஆற்றுக்குள் எங்கே கால் வைக்கிறோம் என்பதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பாசி படிந்து கறுத்த கற்களுக்கு நடுவே ஓரிடம் மட்டும் வெளுத்து, சின்னப் பள்ளமும் அதன் கீழ்ப்பக்கம் சரளை மேடுமாக இருந்தால், அது பெண்மீன் வாலால் அடித்துத் தோண்டிய இடம். முட்டைகள் அந்த மேட்டுக்கு அடியில் இருக்கும். வசந்தத்தில்தான் பொரியும். நாம் ஒருமுறை மிதித்தால் போதும், நசுங்கிவிடும்.

ட்வீட் ஆற்றில் நவம்பர் 30 வரை சால்மன் பிடிக்க அனுமதி உண்டு. என்னைக் கேட்டால் அது மிகவும் தாமதம். நவம்பர் வந்ததும் நான் சிறிய கோலுக்கு மாறிவிடுவேன். ட்ரவுட்டும் அப்போது முட்டையிடும், அதையும் தொடக்கூடாது. கிரேலிங் இருக்கிறதே! வசந்தத்தில் முட்டையிடும் மீன், குளிரில் நல்ல வலுவோடு இருக்கும். கனமான நிம்ஃபை (நீர்ப்பூச்சியின் இளம்பருவம் போலக் கட்டிய ஃப்ளை) ஆற்றடியோடு உருட்டிவிட்டால் அருமையாக எடுக்கும். பாய்மரம் போல் விரியும் அதன் முதுகுத் துடுப்பைப் பார்த்தவர்கள் சால்மனுக்காக ஏங்க மாட்டார்கள். அங்கேயும் சரளையில் இறங்கும்முன் வெளுத்த திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கரையில் நின்றே வீசுங்கள்.