சர்க்கரை போடாத ஜூஸ் சுகரை ஏற்றாதா?

‘சர்க்கரை சேர்க்காத சுத்தமான பழச்சாறை சுகர் உள்ளவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்’ என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு, தயவுசெய்து வீட்டுப் பெரியவர்களுக்கு அதை அனுப்பாதீர்கள்.

200 மில்லி ஆரஞ்சு ஜூஸில் நாம் ஒரு துளி சர்க்கரை போடாவிட்டாலும் பழத்தின் சொந்தச் சர்க்கரையே சுமார் 17 கிராம், அதாவது ஏறக்குறைய நாலு டீஸ்பூன் இருக்கிறது. பழமாகச் சாப்பிட்டால் நாரோடு சேர்ந்து மெதுவாக உள்ளே போகும், ஒன்றிரண்டிலேயே வயிறும் போதும் என்று சொல்லிவிடும். பிழிந்து வடிகட்டினால் நார் சக்கையோடு குப்பைக்குப் போய்விடுகிறது, மூன்று பழத்துச் சாறு இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடுகிறது. சுகர் திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரும்போது அரை டம்ளர் ஜூஸ் கொடுக்கச் சொல்கிறார்களே, அது சுகரை சட்டென்று ஏற்றும் என்பதால்தான்!

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பழச்சாற்றுச் சர்க்கரையை, குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் வைத்திருக்கிறது. அப்புறம் பாக்கெட்டில் போட்டிருக்கும் ‘100% பழச்சாறு’: அந்த வாசகத்தையே நீக்கச் சொல்லி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது.

வைட்டமின் சி இருக்கிறது, சரி. அது முழுப் பழத்திலும் இருக்கிறதே.