ரோட்டர்ல ஆயில் அடிச்சிராதீய

அண்ணாச்சி, ‘பிரேக் ரோட்டர் துருப்பிடிச்சா டபிள்யூடி-40 எண்ணெய் ஸ்ப்ரே அடிச்சு விடுங்க, பளபளன்னு ஆயிரும்’னு மேல போட்டிருக்கீய, தயவுசெஞ்சு அத எடுத்திருங்க, யாராவது நம்பி செஞ்சா வண்டி நிக்காது. சக்கரத்தோட சுத்துற தட்டுதான் ரோட்டர், அத பேட்-ங்கிற கட்டை ரெண்டு பக்கமும் அமுக்கி உரசுறதாலதான பிரேக்கே பிடிக்குது, அந்த இடத்துல எண்ணெய் பட்டா பேட் உறிஞ்சிக்கிடும், அப்புறம் பேடையே மாத்தணும்.

ரோட்டர் வார்ப்பிரும்பு, ஒரு ராத்திரி நனைஞ்சாலே துரு வரத்தான் செய்யும். போன கார்த்திகை அடைமழையில பாளையங்கோட்டைல எங்க வீட்டு வாசல்ல 4 நாள் நின்ன வண்டி, ரோட்டர் பூரா தேரிமண்ணு மாதிரி செவப்பா கிடந்துச்சு, தெருவுக்குள்ள மெதுவா ஓட்டி ஏழெட்டு தடவ பிரேக் மிதிச்சேன், கரகரன்னு சத்தம் வந்து தானா போயிட்டு. நடுவுலயும் ஓரத்துலயும் பேட் படாத இடத்துல இருக்க துரு இருந்துட்டுப் போவுது, அதால ஒண்ணும் இல்ல.

ஆனா உவரி மாதிரி கடக்கரைல மாசக்கணக்கா நின்ன வண்டின்னா வேற கத. விரல் நகத்த வச்சுப் பாத்தா குழி தட்டுச்சுன்னா, பெடல் அதிருச்சுன்னா, மெக்கானிக்ட்ட காட்டிருங்க, குறைஞ்சபட்ச தடிமன் ரோட்டர்லயே பொறிச்சிருக்கும், அதுக்குக் கீழ போயிருந்தா மாத்தத்தான் வேணும். ஏற்கனவே ஸ்ப்ரே அடிச்சவிய வண்டிய எடுக்காதீய, பிரேக் கிளீனர் போட்டு ரோட்டரத் துடைச்சிட்டு பேடயும் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க.