பட்ஜெட் தாளைக் கேளுங்கள்

குழந்தைகள் மனநலத்தில் ஆய்வு செய்கிறவர்கள் தொண்டு நிறுவனங்களோடு 'கூட்டு' சேர்கிறோம் என்பார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. கேள்வி முடிவாகி, நிதி வந்து, நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கிடைத்த பிறகு ஒரு போன் வரும்: "உங்ககிட்ட வர்ற பிள்ளைகளை ஆய்வுல சேர்த்துவிட முடியுமா?" என்னைக் கேட்டால் இது ஆள் பிடிக்கிற வேலை.

வேலை யார் தலையில் விழுகிறது பாருங்கள். பிள்ளைகளின் மனநிலை, நடத்தைச் சிக்கல்களை அளக்கும் எஸ்.டி.க்யூ. என்ற வினாத்தாளில் 25 கேள்விகள். பார்த்தால் சில நிமிட வேலை. ஆனால் எதிரே இருக்கும் அம்மா 'ஓரளவு பொருந்தும்', 'நிச்சயம் பொருந்தும்' இரண்டில் எதைச் சொல்வதென்று யோசித்து, அப்படியே பள்ளியில் மகனை வெளியே நிறுத்திய கதைக்குப் போய்விடுவார். ஆலோசகர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்கத்தான் வேண்டும். பையன் நாற்காலியை ஆட்டிக்கொண்டு "போலாமா?" என்பான். சில மாதம் கழித்து அதே தாள், மறுபடியும். இந்த நேரத்துக்கு ஆய்வு பட்ஜெட்டில் பைசா இருக்காது. (மாநாட்டுப் பயணத்துக்கு இருக்கும்.)

அப்புறம் காத்திருப்புக் குழு. பாதிப் பேருக்கு இப்போதே சிகிச்சை, மீதிப் பேருக்குப் பிறகு. ஒப்பிட்டுப் பார்க்காமல் எதுவும் தெரியாது, சரி. ஆனால் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று தினமும் அழும் பிள்ளையின் அப்பாவிடம் "நீங்க இரண்டாவது குழு" என்று சொல்லப்போவது பேராசிரியர் அல்ல, முன்னறையில் இருக்கும் ஊழியர். திட்டம் போடும்போதே அவரைக் கேட்டிருந்தால், வழக்கமான சேவையோடு ஒப்பிடலாமே என்றிருப்பார்.

அப்படிச் செய்யவும் முடியும். அமெரிக்க உளவியலாளர்கள் ஜான் வைஸ், புரூஸ் சோர்பிட்டா குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு அங்கே ஹவாய், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் உள்ள சேவை நிறுவனங்களிலேயே, அங்குள்ள சிகிச்சையாளர்களை வைத்தே நடந்தது. 174 பிள்ளைகள். சிகிச்சைக் கையேட்டை வரிசை மாறாமல் பின்பற்றிய முறை, வழக்கமான சேவையைவிடக் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. அதே உத்திகளைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, பிள்ளையின் சிக்கலுக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்தியபோது பலன் கிடைத்தது. பயத்துக்காக வந்த பிள்ளை அடுத்த மாதம் கோபத்தோடு வந்து நிற்கும் என்பது அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அன்றாட விஷயம். பல்கலைக்கழக ஆய்வகத்தில் அதைப் பார்ப்பது அரிது.

நிறுவனம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கையெழுத்துப் போடுமுன் பட்ஜெட் தாளைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊழியரின் நேரத்துக்கு எவ்வளவு, தரவு யார் கையில் இருக்கும், முடிவுகள் உங்களுக்கு எப்போது வரும் என்று எழுத்தில் கேளுங்கள். தாளைக் காட்ட யோசித்தால், பிள்ளைகளைச் சேர்த்துவிட நீங்களும் யோசிக்கலாம்.